மண்டபத்து பாய் கடையும் என் நாற்பது பக்க நோட்டும்

கடைக்குப் பெயர் கிடையாது. பலகை இருக்கிறது, அதில் இருந்த எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வடகடல் பக்கம் இறங்கும் தெருவில் "பாய் கடை" என்று கேட்டால் காட்டுவார்கள். ஒன்பது மாதமாக அங்கேதான் மளிகை வாங்குகிறேன். சரக்கைவிட அந்தக் கடையின் பற்று நோட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். இங்கே ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கையில் வருவது 14,200. வீட்டை விட்டுத் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை. சேர்ந்த அன்றே ஒரு தாளில் மாதக் கணக்கு போட்டேன். வாடகை 3,500, மளிகை 2,000, மீன் காய்கறி 1,500, அம்மாவுக்கு 4,000, மிச்சம் 3,200 சேமிப்பு. ஊருக்கே கணக்கு எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு.

அந்தத் தாளில் தண்ணீருக்கு ஒரு வரிகூட இல்லை. இங்கே போர் தண்ணீர் கரிக்கும், அதில் பருப்பு வேகாது. கேன் 35 ரூபாய், மாதம் எட்டு கேன், 280. கரண்ட்டுக்கும் வரி இல்லை. முதல் மாதம் வீட்டுக்காரர் எதுவும் கேட்காததால் வாடகையோடு சேர்ந்தது போல என்று இருந்துவிட்டேன். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள் என்பது அம்மா கட்டிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு எங்கே தெரிந்தது? இரண்டாம் மாதக் கடைசியில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் 140 யூனிட், 1,120 என்றார். முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் மீட்டர்க்காரருக்கு, என்னைப் போன்ற வாடகைக்காரனுக்கு இல்லை. போன் ரீசார்ஜும் அப்படித்தான். 28 நாளுக்கு ஒன்று போட்டால் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை வருகிறது.

செலவை எழுத போனில் ஒரு செயலி இறக்கினேன். நான்கு நாள் எழுதினேன்.

இதற்கு நடுவில் பாய் கடைப் பற்று. முதல் மாதம் 3,960 ரூபாய். "பாய், இது என் கணக்குதானா?" என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை, நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். குளிர்பானம் மட்டும் இருபது ரூபாய் வீதம் 31. பிஸ்கட் 22 பாக்கெட். எல்லாம் தேதியோடு இருந்தது. "மாசக் கடைசியில கேட்டா இப்படித்தான் இருக்கும் தம்பி. தெனமும் கேளு" என்றார்.

பற்றில் இருக்கும் ஆபத்தே இதுதான். கையிலிருந்து காசு போகாததால் வாங்குவது போலவே தெரியாது. வேலை முடிந்து வியர்வையோடு வரும்போது குளிர்ந்த பாட்டில் கண்ணில் படும், "எழுதிக்குங்க பாய்" என்றால் முடிந்தது.

அப்புறம் எனக்கென்று தனி நோட்டு போடச் சொன்னேன். முதல் பக்கத்தில் 2,500 என்று எழுதி அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். இடது பக்கம் அவர் பற்று எழுதுவார். வலது பக்கம் மீன், தண்ணீர், பஸ் என்று ரொக்கமாகக் கொடுத்ததை நான் எழுதுவேன். கோட்டை நெருங்கினால், கடையில் நாலு பேர் நிற்கும்போதே "தம்பி, கோடு வந்துருச்சு" என்பார். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் செயலி செய்யாததை அந்த வெட்கம் செய்தது. மூன்றாம் மாதம் 2,480. ஐந்தாம் மாதம் கூட்டாளி கல்யாணம், மறுபடி ஏறிவிட்டது.

மீன் விஷயத்திலும் பாய் பேச்சு உதவியது. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு கரைக்கு வந்த காலையில் வாங்கினால் விலை இறங்கியிருக்கும். இது தெரியாமல் நான் சம்பளம் வந்த மறுநாள் என்று கணக்கு வைத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கம்பத்துக்காரனுக்கு மீன் கிழமை என்ன தெரியும்!

கடையில் குறை இல்லாமல் இல்லை. பத்து மணிக்கு மேல் போனால் காய்கறியில் நல்லது இருக்காது. ஒருமுறை இன்னொரு வாடகைக்காரரின் அரிசி மூட்டை என் பக்கத்தில் ஏறிவிட்டது. தினமும் பார்த்ததால் பிடித்தேன், அடித்துக் கொடுத்தார். விலையும் ஒன்றிரண்டு ரூபாய் கூடத்தான். ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கடையில் பத்துப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்தேன், 74 ரூபாய் குறைவு. போக வர பஸ் காசைக் கழித்தால் மிச்சம் ஒரு டீ. குண்டு மிளகாய் வற்றல் மட்டும் பாய் கடையில்தான் வாங்க வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ராமநாதபுரம் முண்டுதான். நாலு வற்றலைக் கிள்ளிப் போட்டால் மீன் குழம்புக்கு பாக்கெட் மசாலா தேவைப்படாது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தெருவில் பாதிப் பேருக்கு வருமானம் நின்றுவிடும், அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அந்த இரண்டு மாதமும் பாய் கடையில் பற்று நோட்டுகள் தடித்துப் போகும். எனக்கு ஏழாம் தேதி சம்பளம். பத்துக்குள் கட்ட வேண்டும் என்பது பேச்சு. மே மாதம் நான் பன்னிரண்டாம் தேதி போனேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. "கடல்காரங்க கடல் திறந்தாத்தான் தருவாங்க. மாசச் சம்பளக்காரன் நீ தந்தாத்தானே நான் சரக்கு எடுக்க முடியும்?" என்றார். அதிலிருந்து சம்பளம் ஏறிய அன்றே முதலில் பாய் கடை, அப்புறம்தான் வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை அடைத்திருக்கும். போன் வழியாகவும் காசு வாங்கிக்கொள்வார். புதிதாகப் பற்று வைக்க, தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். நோட்டு 25 ரூபாய், அதையும் முதல் பக்கத்திலேயே பற்று எழுதிவிடுவார்.