இரவல் கணக்கு: நோட்டா, நியூவார்க்கா, பிரௌனா, கோஹாவா?

எங்கள் குடியிருப்பில் நாங்களே நடத்தும் சிறிய நூலகத்துக்கு ஓர் இரவல் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அட்டையும் டிக்கெட்டும் வைத்து நடத்தும் பிரௌன் முறையை எடுத்தோம். செலவு, வேகம் பற்றியெல்லாம் பேசினோம்தான். ஆனால் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: புத்தகம் திரும்பி வந்த பிறகு, எடுத்தவர் பெயர் எங்காவது தங்குகிறதா?

நோட்டில் கையெழுத்து வாங்குவதுதான் எல்லோருக்கும் பழகிய வழி. மலிவு, எளிது. ஆனால் கையெழுத்துப் போடக் குனிகிறவருக்கு மேலே இருக்கிற வரிகளும் கண்ணில் படும். மூன்றாம் மாடிக்காரர் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வது பற்றிய புத்தகம் எடுத்திருக்கிறார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே அவர் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் போகலாம்.

நியூவார்க் முறையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சிறிய தனி அட்டை உண்டு, அதில் தேதியும் உறுப்பினர் எண்ணும் எழுதப்படும். புத்தகம் திரும்பியதும் அந்த அட்டை மறுபடி புத்தகத்துக்குள் ஒட்டிய சிறு பைக்குள் போய்விடும். அலமாரியில் புத்தகத்தை எடுத்துப் பிரிக்கும் யாரும் இதுவரை அதை வாசித்தவர்களின் எண்களை வரிசையாகப் பார்க்கலாம். பெயர் இல்லையே என்று தோன்றும். ஐம்பது குடும்பம் இருக்கிற இடத்தில் எண்ணும் பெயரும் ஒன்றுதான்.

பிரௌனில் உறுப்பினருக்கு எத்தனை புத்தகம் அனுமதியோ அத்தனை டிக்கெட். ஒவ்வொன்றும் பெயர் எழுதிய சிறிய பை. புத்தகத்தின் தனி அட்டையை அந்தப் பைக்குள் செருகி, திருப்பித் தர வேண்டிய தேதிக்குப் பின்னால் டிரேயில் அடுக்குவோம். புத்தகத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் அந்தத் தேதியின் முத்திரை. திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்கு, டிக்கெட் உறுப்பினருக்கு. அந்த நொடியில் இரண்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. அழிக்க ஒன்றும் இல்லை, ஒளித்து வைக்கவும் ஒன்றும் இல்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 1970இல் அமெரிக்காவில் மில்வாக்கி பொது நூலகத்துக்கு வரித்துறை அதிகாரிகள் வந்து, வெடிபொருள் பற்றிய புத்தகங்களை எடுத்தவர்கள் யார் என்று கேட்டார்கள். நூலகம் முதலில் மறுத்தது. நகர வழக்கறிஞரின் கருத்துக்குப் பிறகு கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அமெரிக்க நூலகச் சங்கம் வாசகர் பதிவுகள் ரகசியமானவை என்று கொள்கை அறிவித்தது. கொள்கை நல்லதுதான், ஆனால் பதிவு என்று ஒன்று இருந்தால் கேட்க ஆள் வருவார்கள். நம் ஊரில் அது அதிகாரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்கிற அப்பாவாக இருக்கலாம்.

குறை உண்டு. கிழிந்த பக்கம் இரண்டு மாதம் கழித்துக் கண்ணில் பட்டால், கிழித்தவரைத் தேட வழியில்லை. திருப்பித் தரும்போதே புரட்டிப் பார்த்துவிட வேண்டும். அந்த நஷ்டம் பரவாயில்லை என்பது என் கட்சி. கூட்டம் சேர்ந்தால் டிரேயில் அட்டை தேடுவதில் வரிசை நிற்கும். எங்களுடையது சிறிய இடம், ஆயிரக்கணக்கானோர் வருகிற நூலகத்துக்கு இதையே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

பொது நூலகம் என்றால் கணக்கும் பொதுவில் இருக்க வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டும். என்ன வாங்கினோம், எவ்வளவு செலவு, எந்தப் புத்தகம் எத்தனை முறை போனது என்பதெல்லாம் யாரும் பார்க்கலாம். தேதிச் சீட்டில் உள்ள முத்திரைகளை எண்ணினாலே கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், யார் பெயரும் வெளியே வராது. அரசு நூலகங்களுக்குப் பொருந்தும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் தனிநபர் விவரங்களுக்கு விலக்கு இருக்கிறது.

பெரிய நூலகம் என்றால் கோஹாதான் நடைமுறைக்கு ஒத்துவரும். 2000இல் நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த, நூலகக் கணக்குக்கான திறமூல மென்பொருள், காசு இல்லை. நான் அதை இன்னொரு நூலகத்தில் கொஞ்சம் பார்த்ததோடு சரி. நாமாக மாற்றாவிட்டால் பழைய இரவல் வரலாறு அதில் அப்படியே சேர்ந்துகொண்டே போகும். அநாமதேய உறுப்பினர் என்று ஒரு கணக்கை உருவாக்கி மென்பொருளின் அமைப்புகளில் (settings) சேர்த்துவிட்டால், திரும்பி வந்த புத்தகங்களின் பதிவை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடலாம். இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். அப்புறம் காப்பு நகல்களையும் பாருங்கள், இங்கே அழித்த பெயர் போன மாத நகலில் அப்படியே இருக்கும்.