8085-ஆ, இசட்80-ஆ? ரிங் ஃபிரேமுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணக்கு

1980-களின் நடுவில் கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள நூல் மில்களுக்கு ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரம் எத்தனை ஹேங்க் (நூலின் நீள அளவு) நூற்றது என்று எண்ணும் பெட்டிகள் செய்துகொண்டிருந்தோம். முதல் பெட்டியில் வைத்த பிராசசர் இசட்80. அதற்குப் பின் செய்தவை எல்லாம் 8085. ஆகவே நான் எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும். பழைய போர்டுகளைத் தூசி தட்டுகிறவர்கள் இன்றும் "இசட்80 தானேங்க உசத்தி?" என்று கேட்கிறார்கள். சிப்பை மட்டும் பார்த்தால் உசத்திதான்.

இரண்டும் 1976-இல் வந்தவை. இரண்டுக்கும் 40 கால், ஒற்றை 5 வோல்ட். மூன்று வோல்டேஜ் கேட்டு உயிரை எடுத்த, இவற்றுக்கு முந்தைய பிராசசரான 8080-க்கு எழுதிய புரோகிராம் அநேகமாக இரண்டிலும் ஓடும். வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும் நூலை வெளியே விடும் ஃபிரண்ட் ரோலரை எண்ணுவதற்கு 2.5 மெகாஹெர்ட்ஸ் என்ன, 3 மெகாஹெர்ட்ஸ் என்ன!

இசட்80-இன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பிட்டை ஏற்றவும் இறக்கவும் சோதிக்கவும் அதில் தனித்தனி கட்டளைகள் உண்டு. ரிலே, விளக்கு, லிமிட் சுவிட்ச் என்று பிட் பிட்டாகப் பிழைக்கும் கன்ட்ரோல் வேலைக்கு அது பெரிய வசதி. 8085-இல் ஒவ்வொரு முறையும் மற்ற பிட்களை மாஸ்க் போட்டு மறைத்து எடுக்க வேண்டும். மெமரியில் எந்த இடம் என்று சொல்லும் அட்ரஸும் அங்கே போய்வரும் டேட்டாவும் இசட்80-இல் தனித்தனிக் கால்கள். 8085-இல் கீழ் எட்டு அட்ரஸும் டேட்டாவும் ஒரே கால்களில் மாறி மாறி வரும், பிரித்தெடுக்க 74எல்எஸ்373 என்ற சிப் ஒன்று வேண்டும். ஸ்கோப் வைத்துப் பழுது தேடும்போது இந்தக் கலப்படம் எரிச்சலைக் கிளப்பும். டேட்டா கால்களைப் பூஜ்யத்தில் கட்டிவிட்டு அட்ரஸ் கால்களில் துடிப்பின் வேகம் வரிசையாகப் பாதி பாதியாகக் குறைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையும் இசட்80-இல்தான் சுலபம்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் மாறினோம்? எண்ணும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபிரண்ட் ரோலரின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 78.5 மில்லிமீட்டர் நூல். ஒரு ஹேங்க் என்பது 840 கஜம், அதாவது 768 மீட்டர். ஆக ஏறக்குறைய 9,780 சுற்றுக்கு ஒரு ஹேங்க். ரோலர் பக்கத்தில் ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார், நடுவில் மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் துடிப்பைக் கடத்தும் ஆப்டோகப்ளர், அப்புறம் ஒரு கவுன்டர்.

இசட்80 குடும்பத்தில் இதற்கென்று இருக்கும் சிப் சிடிசி. நான்கு சேனல், ஒவ்வொன்றும் எட்டே பிட். 256 சுற்று ஆனதும் இன்டரப்ட் அடித்து, அதாவது செய்கிற வேலையை இடைமறித்து, பிராசசரைக் கூப்பிட்டாக வேண்டும். 200 சுற்று வேகத்தில் அது 77 விநாடி. அந்தக் கூப்பாட்டை ஒரு முறை கவனிக்காவிட்டால் ஸ்பிண்டில் ஒன்றுக்கு 20 மீட்டர் நூல் கணக்கில் காணாமல் போகும்.

இந்த இன்டரப்டுக்கான அனுமதி, பெட்டிக்குள் செருகியிருக்கும் சிடிசி கார்டு கார்டாகக் கைமாறி வருவதுதான் வம்பு. மேல் கார்டு அனுமதி கொடுத்தால்தான் கீழ் கார்டு வாய் திறக்கலாம். மேசை மேல் அழகாக ஓடியது. மில்லில் வைத்து மூன்றாம் வாரம், நடுச்சாமத்தில் எலக்ட்ரீஷியன் ஒருவர் பழுதான கார்டு ஒன்றைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பாவம், நல்லெண்ணத்தில்தான். அதற்குக் கீழிருந்த கார்டின் அனுமதிக் கால் எதிலும் ஒட்டாமல் மிதந்தது. ஒரு ஃபிரேம் ஒரு நேரம் எண்ணியது, ஒரு நேரம் எண்ணவில்லை. காலையில் சூப்பர்வைசர் பழைய மெக்கானிக்கல் ஹேங்க் மீட்டரைக் காட்டி, "தம்பி, உங்க பொட்டியவிட இது பரவால்லீங்க" என்றார். கார்டுகள் செருகும் பேக்பிளேனில், காலி இடத்தைத் தாண்டி அனுமதியைக் கடத்த ஒரு ஜம்பர் வைத்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்குத் தோன்றவில்லை.

8085-ஓடு நாங்கள் போட்டது 8253 என்ற கவுன்டர் சிப். ஒரு சிப்பில் மூன்று கவுன்டர், ஒவ்வொன்றும் 16 பிட். 65,536 சுற்றுக்கு ஒருமுறைதான் திரும்பும், அதே வேகத்தில் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு அது போதாதுதான். ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டால் இன்டரப்டே தேவையில்லை. எந்தக் கார்டைப் பிடுங்கினாலும் அந்தக் கார்டின் கணக்கு மட்டும்தான் நிற்கும்.

8253-இலும் ஒரு குறும்பு உண்டு. தொடக்க எண்ணைக் கொடுத்தபின் ஒரு துடிப்பு வந்தால்தான் அது கவுன்டருக்குள் ஏறும். ஃபிரேம் நின்றிருக்கும்போது பெட்டியை ஆன் செய்து உடனே படித்தால் வருவது குப்பை. முதல் துடிப்பைக் கண்ட பிறகே படி என்று புரோகிராமில் ஒரு கொடி (அடையாளக் குறி) வைத்துச் சமாளித்தோம்.

கரன்ட் போகும்போது கணக்கைக் காப்பாற்றுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பிராசசர் தள்ளிவைக்க முடியாத இன்டரப்ட் 8085-இல் டிராப், இசட்80-இல் என்எம்ஐ. 4,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 1 ஆம்பியர் சுமையில் 12-லிருந்து 8 வோல்ட்டுக்கு இறங்க 19 மில்லி விநாடி ஆகும். அது தாராளம். பேட்டரியில் நிற்கும் 6116 ராமின் செலக்ட் காலை அதற்குள் உயர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாகிற பிராசசர் கண்டதையும் எழுதிவிட்டுச் சாகும்.

"இசட்80-ஓடும் 8253 போடலாமே?" என்று கேட்பீர்கள். போடலாம். அந்த முதல் பெட்டியை அப்படித்தான் சரிசெய்தோம், சிடிசி கார்டுகளை எடுத்துவிட்டு 8253 வைத்தபின் அது ஒழுங்காக ஓடியது. ஆக, குறை பிராசசரில் இல்லை. ஆனால் இன்டரப்ட் அமைப்பைக் கழித்துவிட்டால் இசட்80-க்கு மிச்சமிருப்பது எழுதுகிறவனுக்கான வசதிதான். பழுது பார்க்கிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து மில்லுக்கு வந்த பையன்கள் ஹெக்ஸ் கீபேட் வைத்த 8085 பயிற்சி கிட்டில் படித்தவர்கள். கட்டளை எண் 3இ என்றால் அக்குமுலேட்டரில் எண்ணைப் போடு என்று தூக்கத்திலும் சொல்வார்கள். எங்கள் புரோகிராம் லிஸ்டிங்கை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பலாம்.

அந்தக் காலத்து இன்னொரு பிராசசரான 6502-ஐ வைத்து நான் ஒரு போர்டுகூடச் செய்ததில்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்கள் பார்த்ததும் ஒரு பெட்டிக்கு ஆறு ஃபிரேம், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். பல டெர்மினல்கள் ஒரே நேரத்தில் பேசும் அமைப்பு என்றால் இன்டரப்டை ஒதுக்கிவைக்க முடியாது. அங்கே இசட்80 குடும்பத்தின் சீரியல் தொடர்பு சிப்பான எஸ்ஐஓ என் 8085-ஐ ஓரங்கட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.