கோத்தகிரியில் மனு எழுதித் தரும் கடை: ஐந்துக்கு நான்கு

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு இறங்கும் வழியில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங் என்று மூன்றுதான் இருக்கும். அங்கே போக வேண்டிய காரணம் நாலாவது, அது போர்டில் கிடையாது. மனு எழுதிக் கொடுக்கிறார்.

கடைக்காரர் கீழே ஒரு தொகுதியில் ஐந்து முறை ஜெயித்த எம்.எல்.ஏ.விடம் உதவியாளராக இருந்தவர். மனைவியின் ஊர் என்பதால் ஓய்வுக்குப் பிறகு மலையேறி வந்துவிட்டார். எம்.எல்.ஏ.வின் பெயரையும் கட்சியையும் எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மாட்டார். "தலைவர்" என்பதோடு சரி.

எங்கள் ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்குக் கீழே, பச்சைத் தேயிலை மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுவரும் பாதை மழையில் சரிந்துவிட்டது. ஒரு ஆபீசில் "இது எங்கள் பாதை இல்லை" என்றார்கள். அடுத்த ஆபீசில் "நிதி இல்லை" என்றார்கள். அப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்கா இவரிடம் அனுப்பினார்.

நான் வீட்டிலேயே ஒரு மனு எழுதி எடுத்துப் போயிருந்தேன். முழுக்கப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பத்தியை அப்படியே அடித்தார். ஏழைகளின் விடிவெள்ளி, மலை மக்களின் காவல் தெய்வம் எல்லாம் போயிற்று. கஷ்டத்தை உருகி எழுதியிருந்த இரண்டாவது பத்தியும் போயிற்று. மிச்சம் இருந்தது தேதியும் என் கையெழுத்தும்.

"பாதை யாருதும்மா?" என்றார்.

ஊருடையது என்றேன். அது பதில் இல்லையாம். சர்வே எண் என்ன, புறம்போக்கா பட்டாவா, எந்த ஊராட்சி, எந்த வார்டு, சரிந்தது எத்தனை மீட்டர், அதில் நடக்கிற குடும்பங்கள் எத்தனை? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. வி.ஏ.ஓ.விடம் போய்ப் புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்) வாங்கி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார், காசு வாங்கவில்லை. முதல் நாளே மனுவோடு வீடு திரும்பலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அடுத்த முறை போனபோதுதான் காரணம் புரிந்தது. தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்தப் பணம் அவர் கையில் வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் தரப்பில் அனுமதி வரும், வட்டார வளர்ச்சி அலுவலகம் மாதிரி ஒரு ஆபீஸ் வேலையைச் செய்யும். தனியார் இடத்தில் அந்தப் பணத்தைப் போட முடியாது. அதனால் சர்வே எண் இல்லாத மனு முதல் மேஜையிலேயே செத்துவிடும். "தலைவர் நல்லவர்தான், ஆனா நம்பர் இல்லாத பேப்பர்ல கையெழுத்துப் போட்டு என்ன பண்ணுவார்?" என்றார். எங்கள் பாதை ஊராட்சியின் பெயரில் இருந்தது, தப்பித்தோம்.

டைப் செய்துகொண்டே தலைவரின் கதையைச் சொல்வார். இலவச இணைப்பு, வேண்டாம் என்றாலும் கிடைக்கும். முதல் முறை ஜெயித்துப் போனபோது அவையில் எழுந்து நிற்கவே அவருக்குக் கால் நடுங்கியதாம். மூன்றாவது முறை மந்திரி பதவி நிச்சயம் என்று தொகுதியில் பட்டாசு வாங்கி வைத்தார்கள். பட்டியலில் பெயர் இல்லை. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த வருடங்களில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஆளுங்கட்சி ஆனதும் வாயே திறக்கவில்லை, ஆனால் பாலமும் பள்ளிக் கட்டடமும் வந்தது அப்போதுதான். இதை அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. ஐந்து முறை ஜெயித்தவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிலைதான் வைப்பார்கள்.

கதையோடு சட்டமன்றப் பாடமும் வரும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதிலிருந்து துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்தில் பதில் வரும். "செய்து தரப்படும்" என்று அமைச்சர் அவையில் வாய்விட்டுவிட்டால் அரசு உறுதிமொழிக் குழு அதைத் துரத்தும். கல்யாண வீட்டில் சொன்னால் துரத்த ஆள் இல்லை. நேராக மக்களே எழுதுவதற்கு மனுக்கள் குழு என்று ஒன்று சட்டமன்றத்தில் இருப்பதும், அது மாவட்டங்களுக்கு வருவதும் எனக்கு இங்கேதான் தெரிந்தது. பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சொல்லும் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும் அல்லவா, அதற்கு முன்பே மனு எம்.எல்.ஏ. கையில் இருக்க வேண்டுமாம். விவாதம் முடிந்த வாரத்தில் வருகிறவர்களைப் பார்த்தால் இவருக்குக் கோபம் வந்துவிடும்.

மனுவில் ஊர் பெயர் கட்டாயம், மலைப் பகுதி, பின்தங்கிய பகுதி என்றெல்லாம் பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது என்பது அவர் சட்டம். அதற்கு அவர் காட்டும் சாட்சி கலைஞர். 1957இல் குளித்தலையில் தொடங்கி தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியில் 2016இல் திருவாரூர் என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார். 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தவர். "அவரே சபையில முதல்ல பேசினது நங்கவரம்ங்கிற ஊர் விவசாயிகளைப் பத்தித்தான். உலகத்தைப் பத்தியா பேசினார்?" என்றார். இவர் வேறு கட்சிக்காரர் என்பது என் சந்தேகம், ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூடலூரில் இருக்கும் என் நாத்தனாருக்கும் ஒரு மனு எழுதக் கேட்டேன். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை ஜென்ம நிலங்களுக்காக 1969இல் வந்த ஒழிப்புச் சட்டம், அதன் 17வது பிரிவில் மாட்டிய இடம். பட்டா இல்லை, கரண்ட் இல்லை. கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இது தனி மனுவில் தீராதும்மா, உங்க காசு எனக்கு வேண்டாம்" என்றார். நாத்தனாருக்கு வருத்தம்தான். காசை வாங்கிக்கொண்டு நாலு பக்கம் எழுதித் தருகிறவர்களையும் பார்த்திருப்பதால் எனக்கு வருத்தம் இல்லை.

இனி குறைகள். மெதுவோ மெது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதில் பாதி தலைவர் கதை. ஜிபே கிடையாது. கரண்ட் போனால் கையால் எழுதித் தருவார், எழுத்து அழகு, ஆனால் இன்னும் தாமதம். போன் எடுக்கவே மாட்டார். ஆன்லைனில் 'முதல்வரின் முகவரி' என்ற அரசுப் புகார்த் தளத்துக்கு அனுப்பச் சொன்னால் முகம் சுளித்துக்கொண்டே செய்கிறார். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்குப் போன் போட்டு நீங்களே சொல்லிவிடலாமே என்கிறார். இளைஞர்கள் இதற்கெல்லாம் வேறு கடைக்குப் போவது நல்லது.

எங்கள் மனு இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஒன்று, திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டர் நடத்தும் குறைதீர் கூட்டத்துக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு ஒன்று. மூன்றிலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கூட்டத்தில் என் மனுவைப் புரட்டிப் பார்த்தவர் நிறுத்திக் கேள்வி கேட்டார், முதல் முறையாக. அப்புறம் என்ஜினியர் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். தடுப்புச் சுவர் இன்னும் வரவில்லை, அதனால்தான் நான்கு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒன்றைக் குறைத்தது கடைக்காரரின் தப்புக்காக இல்லை என்பதும் உண்மைதான், ஆனால் ஐந்து கொடுக்க மனசு வரவில்லை.

ஒரு பக்கம் டைப் செய்ய ஐம்பது ரூபாய், நகல் தனி. மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டினால் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். புலப்படம், பழைய மனுவின் ஒப்புகை, இருந்தால் இரண்டு போட்டோ எடுத்துப் போங்கள். தலைவர் நடுவில் ஒரு முறை தோற்ற தேர்தலைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், கடைசி பஸ் போய்விடும்.