ஆறு வருடப் பழைய வேகன்ஆரும் என் நோட்டுக் கணக்கும்

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மாதம் இரண்டு தடவை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போக வர 80 கிலோமீட்டர். வாடகைக் காரில்தான் போய்க்கொண்டிருந்தோம். கணக்குப் பார்த்தால் இன்றைக்கும் அதுதான் மலிவு, மறுக்க மாட்டேன். ஆனால் போன வருடம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது கூப்பிட்ட எந்த வண்டியும் வரவில்லை. அன்றைக்கே சொந்தக் கார் என்று முடிவு செய்துவிட்டேன். புதுசா பழசா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

என்ன கார் என்பதில் குழப்பமே இல்லை. மாருதி வேகன்ஆரின் சீட் உயரத்தில் இருக்கிறது. அம்மா குனிய வேண்டாம், காலை மடக்கி இறங்க வேண்டாம், நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். டிக்கி 341 லிட்டர், வாக்கரை மடக்காமலேயே வைக்கலாம்.

ஷோரூமில் வி.எக்ஸ்.ஐ. மாடலுக்கு எக்ஸ் ஷோரூம் விலை ஐந்தரை லட்சம் சொச்சம், ஆன் ரோடு 6,55,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். நடுவில் உள்ள ஒரு லட்சத்தில் பெரும்பங்கு சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், அதுவே எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. பழைய காரில் அதை முதல் ஓனரே ஆயுளுக்கும் கட்டி முடித்திருப்பார்.

பழைய கார் பார்க்கக் கிளம்பியது 2025 அக்டோபரில். சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்தது செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருந்தது. புதுக் கார் விலை இறங்கிவிட்டது, பழைய கார் விற்பவர்கள் மனதில் இறங்கவில்லை. இரண்டே வருடம் ஓடிய ஒரு வி.எக்ஸ்.ஐ.க்கு 5,10,000 கேட்டார்கள். இன்னும் ஒன்றரை லட்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம். என்னைக் கேட்டால் இரண்டு மூன்று வருட வண்டியில் இப்போது லாபம் இல்லை. ஐந்தாறு வருடம் ஆனதைத்தான் பார்க்க வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் கட்டாயமாகத் தொடங்கியது 2021இல்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் டிரைவருக்கு மட்டுமே இருக்கும். அம்மா உட்காருவது முன் சீட்டில். இரண்டு ஏர்பேக் இல்லாத வண்டியை ஓட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனேன். திருச்சியில் ஒரு வண்டி, மீட்டரில் 32,000 கிலோமீட்டர். எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணன் கிளட்ச் பெடலைத் தடவிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது வேணாம். ரப்பர் இவ்வளவு தேய்ஞ்சிருக்கு, முப்பதாயிரம் ஓடுன வண்டியில்ல” என்றார். நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ரெக்கார்டு கேட்டோம். இரண்டு வருடத்துக்கு முன்பே 71,000 என்று இருந்தது. ஒரு குடும்பம் வருடக்கணக்காய்ச் சேர்த்த பணத்தை இப்படிப் பறிக்க எப்படி மனசு வருகிறதோ!

கடைசியில் வாங்கியது 2019 வி.எக்ஸ்.ஐ. (ஓ), அதாவது இரண்டு ஏர்பேக் உள்ள வகை, 998 சிசி பெட்ரோல், முதல் ஓனர், 48,200 கிலோமீட்டர், விலை 3,90,000. காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே போய் ஸ்டார்ட் செய்து பார்த்தோம். வண்டி எங்காவது அடிபட்டதா என்று தெரிய, கதவோர ரப்பர் பீடிங்கை இழுத்து ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் கம்பெனி போட்டபடி இருக்கின்றனவா, பானட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் உண்டா என்று அண்ணன் பார்த்தார். எல்லாம் சுத்தம்.

பேப்பரில்தான் இழுத்தது. விற்றவர் கடனை அடைத்திருந்தார், ஆனால் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நீங்கவில்லை. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் 29, 30 படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாற்ற முடிந்தது. மூன்று வாரம் போனது. அந்த வேலை முடியும் வரை பத்தாயிரத்தை நிறுத்தி வைத்திருந்தேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இன்சூரன்ஸில் இன்னொன்று: கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்குரியது, வண்டிக்கில்லை. விற்றவருக்கு இருந்த 50 சதவீதச் சலுகை எனக்கு வரவில்லை. மீதி ஐந்து மாதத்துக்கான வித்தியாசத்தை என்னிடம் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த ஆறு மாதச் செலவு: டயர் நான்கு 16,800, பேட்டரி 4,600, கிளட்ச் வேலை 8,200, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் 2,900. மொத்தம் 32,500. டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் வெட்டு, நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 2319 என்று போட்டிருந்தது, 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ரப்பர் கல்லாகியிருந்தது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் விலையில் குறைத்திருக்கலாம்.

சரி, கணக்கு. கையில் இருந்தது மூன்று லட்சம். புதுசென்றால் 3,55,000 கடன், 9 சதவீதம், ஐந்து வருடம், வட்டி மட்டும் 87,000. பழசுக்கு டயர் செலவில் ஒரு பங்கையும் சேர்த்து ஒரு லட்சம் கடன். வட்டி 13.5 சதவீதம் என்றாலும் மூன்றே வருடம், 22,000தான். ஐந்து வருடம் கழித்து விற்றால் புதுசில் 2,75,000, பழசில் இரண்டு லட்சம் இறங்கியிருக்கும் என்று வைத்தேன். இன்சூரன்ஸ் 75,000க்கு எதிரே 45,000. சர்வீஸ், ரிப்பேர் புதுசுக்கு 35,000, பழசுக்குத் தாராளமாக 1,10,000. கூட்டினால் புதுசு 4,72,000, பழசு 3,77,000. பெட்ரோல் இதில் சேரவில்லை.

வாங்கும்போது 2,65,000 வித்தியாசமாகத் தெரிந்தது ஐந்து வருடத்தில் 95,000 ஆகச் சுருங்கிவிடுகிறது, மாதம் 1,600க்குள். முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது தப்பு என்று நினைத்து மறுபடி கூட்டினேன். என்னைப் போல வருடம் ஆறாயிரம் ஓட்டுபவர்களுக்கே இவ்வளவுதான். தினமும் ஐம்பது கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரிப்பேர் கூடி அந்த மிச்சமும் கரையும். அவர்கள் தயங்காமல் புதுசு வாங்கலாம்.

வண்டி எப்படி? ஊருக்குள் லிட்டருக்கு 15, தஞ்சாவூர் ரோட்டில் 19 தருகிறது. கம்பெனி சொன்னது 22.5. மூன்று சிலிண்டர் என்பதால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் உண்டு. ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. ஸ்டியரிங் லேசு, கும்பேஸ்வரர் கோயில் பக்கச் சந்துகளில் சிரமமே இல்லை.

மனசை உறுத்துவது ஒன்றுதான். காரை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2019இல் இந்த மாடலுக்குக் கிடைத்தது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இப்போது வரும் புது வேகன்ஆரில் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. மாதம் 1,600 ரூபாய்க்கு நான் விட்டுக்கொடுத்தது அதைத்தான். கடன் தவணை 7,400 கட்ட முடிகிற சம்பளம் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். இப்போதைக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. வண்டி எடுக்கும் முன் அம்மாவின் பெல்ட்டை நானே மாட்டி, ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிடுகிறேன்.