நகராத பட்டனில் தொடங்கும் பாடம்: ரியாக்ட்.டெவ்

பதினோரு வருடம் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஃப்ரன்ட்எண்ட் (இணையதளத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதி) வேலைக்கு மாறினேன். முன்பு இருந்த கம்பெனியில் டாக்ஸ் (பயன்படுத்துவது எப்படி என்று சொல்லும் ஆவணம்) என்றால் ஒரு பெரிய பிடிஎஃப். அதிலிருந்து ஒரு கோடு (நிரல்) துண்டை எடுத்து ஒட்டினேன். மேற்கோள் குறிகள் வளைந்த வடிவத்தில் வந்துவிட்டதால் அது ஓடவே இல்லை. காரணம் பிடிபட அரை நாள் ஆனது. எழுதியவர்கள் அதை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருப்பார்களா என்று அன்றைக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அதனால்தான் ரியாக்ட்.டெவ் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இணையப் பக்கங்களின் திரையை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டுக்கு, 2023 மார்ச்சில் வந்த அதிகாரப்பூர்வ டாக்ஸ் தளம் இது. பழைய டாக்ஸை ஹூக்ஸை (ரியாக்டின் வசதிகளைப் பயன்படுத்த உதவும் ஃபங்ஷன்கள்) மையமாக வைத்து மாற்றி எழுதி, 600-க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளை அங்கேயே திருத்தி ஓட்டிப் பார்க்கும்படி சேர்த்திருக்கிறார்கள். கோடு ஒரு பக்கம், அதன் விளைவு பக்கத்திலேயே. உள்ளே இருப்பது கோட்சாண்ட்பாக்ஸ்காரர்களின் சாண்ட்பேக், பிரவுசரிலேயே கோடு ஓட்டும் கருவி. நம் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம்.

ஸ்டேட் (திரையின் ஒரு பகுதி நினைவில் வைத்துக்கொள்ளும் தகவல்) பற்றிய பக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிற்பங்களின் படத்தொகுப்பு ஒன்று, அதில் ‘நெக்ஸ்ட்’ பட்டன். அழுத்தினால் படம் மாறாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எத்தனையாவது படம் என்று சொல்லும் இன்டெக்ஸைச் சாதாரண ‘லெட்’ மாறியாக (variable) எழுதி, அதில் ஒன்றைக் கூட்டும் கோடு அது. டெஸ்டர் புத்தி போகுமா? மதிப்பை எழுதிக் காட்டும்படி உடனே ஒரு கன்சோல்.லாக் போட்டேன். கன்சோலில் 1, 2, 3 என்று எண் ஏறுகிறது, திரையில் அதே சிற்பம். சாதாரண மாறியை மாற்றினால் ரியாக்ட் மறுபடி ரெண்டர் செய்யாது, அதாவது திரையைப் புதுப்பிக்காது. அப்படியே செய்தாலும் அந்த மாறி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். இதை நான் ஒரு வீடியோ கோர்ஸில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். புரிந்தது இந்தப் பட்டனை அழுத்திய பிறகுதான்.

அதே பக்கத்தின் கடைசியில் பயிற்சிகள். கடைசிச் சிற்பத்தில் ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் கோடு உடைகிறது, சரிசெய் என்கிறது முதல் பயிற்சி. விடை ஒரு பட்டனுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. தயவுசெய்து அவசரப்பட்டு அதைத் திறக்காதீர்கள். நான் இருபது நிமிடம் மல்லுக்கட்டினேன், அந்த இருபது நிமிடம்தான் பாடம்.

இன்னொரு பக்கத்தில் ‘+3’ என்றொரு பட்டன், எண்ணில் ஒன்றைக் கூட்டச் சொல்லி, ஸ்டேட்டை மாற்றும் செட்நம்பரை மூன்று முறை கூப்பிடுகிறது. ஆனாலும் எண் ஒன்றுதான் ஏறும். ஏன் என்று முதலில் நீங்களே யோசித்துவிட்டு அப்புறம் கீழே வாசியுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும், அது இல்லாமல் உள்ளே போனால் திணறுவீர்கள். போனில் வாசிக்கலாம், ஆனால் கோடு திருத்திப் பார்க்க லேப்டாப்தான் சரி. திருத்தியதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ‘ஃபோர்க்’ (நகலெடுப்பது) கொடுத்துத் தனியாகத் திறந்துவிடுங்கள். கட்டணம் எதுவும் இல்லை, கணக்கு தொடங்காமலே எல்லாப் பாடத்தையும் படிக்கலாம்.

போன வாரம் என் நாத்தனார் மகன், கல்லூரியில் மூன்றாம் வருடம், “அத்தை, ரியாக்ட் எங்கே படிக்கட்டும்?” என்று கேட்டான். அந்த ஸ்டேட் பக்கத்தை அனுப்பி, ஒரு வரிகூட வாசிக்காமல் முதலில் பட்டனை அழுத்திப் பார் என்றேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது: “அத்தை, படம் மாறலையே, ஏன்?”