குளிரில் கூடாரத் தூக்கம்: முதலில் பையா, பாயா?

குளிர்கால முகாமுக்குக் கிளம்புகிறவர்கள் எந்த ஸ்லீப்பிங் பேக் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அடியில் எதை விரிப்பது என்று கேட்பவர் குறைவு. நானும் கேட்கவில்லை. முதல் முகாமில் தடித்த பைக்குள் படுத்தும், விடியும்வரை முதுகு சில்லிட்டே கிடந்தது. மேலே போர்வையைக் குவித்தும் பலனில்லை. பைக்குள் இருக்கும் இறகோ பஞ்சோ நம் எடையில் நசுங்கிவிடும். சூட்டைப் பிடித்து வைப்பது அதற்குள் தங்கும் காற்றுதான். நசுங்கிய இடத்தில் காற்று ஏது? தரைக்குளிரைத் தடுப்பது பாயின் வேலை. அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் பாய்க்குச் செலவிடுங்கள் என்பேன்.

பாயின் தடுப்புத் திறனை ஆர்-மதிப்பு என்கிறார்கள். மடிப்பு ஃபோம் பாய்க்கு அது ஏறக்குறைய 2. நல்ல காற்றுப் பாய்க்கு 4 முதல் 7 வரை போகும். சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான். ஆனால் முள் குத்தினால் கதை முடிந்தது. நடு இரவில் இடுப்பெலும்பு மெல்ல இறங்கித் தரையைத் தொடும் அந்த நொடியை அனுபவித்தவர்களுக்கு ஃபோமின் அருமை தெரியும். ஃபோம் ஓட்டையானாலும் ஃபோம்தான்! உறைநிலைக்குக் கீழே போகிறீர்களா, இரண்டையும் சேர்த்து விரியுங்கள். ஆர்-மதிப்புகள் கூடும்: 2ம் 4ம் சேர்ந்தால் 6. பனிமேல் படுக்கவும் நான் நம்புவது இந்தக் கூட்டைத்தான்.

இனி பை. ஒரே அளவு கதகதப்புக்கு இறகுப் பை எடை குறைவு, சின்னதாக மடங்கும், பக்குவமாக வைத்திருந்தால் பல வருடம் உழைக்கும். நனைந்தால் மட்டும் கட்டிக்கட்டியாகச் சுருண்டு உதவாமல் போகும். செயற்கை இழைப் பை கனம், இடமும் அடைக்கும். ஈரத்திலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. வறண்ட குளிருக்கு இறகு, மழையும் ஈரமும் கலந்த குளிருக்குச் செயற்கை இழை.

பையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் கவனம் தேவை. 'கம்ஃபர்ட்' என்பது தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய அளவு. 'லிமிட்' என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் லிமிட்தான். கம்ஃபர்ட்டைப் பார்த்தே வாங்குங்கள்.

கூடுதல் சூட்டுக்கு, இறுக மூடிய வெந்நீர் பாட்டிலைச் சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைப்பது, இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பைக்குள் திணறுவதைவிட எவ்வளவோ மேல். படுக்குமுன் உலர்ந்த சாக்ஸுக்கு மாறிவிடுங்கள். முகத்தைப் பைக்குள் புதைக்காதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே இறங்கும். தலைக்குக் குல்லா போதும். கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பதை மட்டும் இவற்றோடு ஒப்பிடவே மாட்டேன். எரியும் அடுப்பு கக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை அது எழுப்பாது.