ஹைலக்ஸுக்கு ஓரளவு பெரிய டயர்: வட்டையிலும் வீதியிலும்

டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப்பில் இருந்த 265/65 ஆர்17 டயர்களைக் கழற்றிவிட்டு, மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கடையில் 265/70 ஆர்17 அளவில் ஓல் டெரெய்ன் (தார் வீதிக்கும் கரடுமுரடான தரைக்கும் பொதுவான) டயர்களை மாட்டி, ஒரு பெரும்போகம் முழுவதும் ஓட்டிய பின்னர் இதனை எழுதுகிறேன். அகலம் மாறவில்லை; உயரம் மட்டும் ஏறத்தாழ 776 மில்லி மீற்றரிலிருந்து 803 ஆகியுள்ளது. வண்டியின் அடிப்பாகம் உயர்வது அதில் பாதியளவே, அதாவது 13 மில்லி மீற்றர் என்பதால், உயரத்துக்காக மட்டும் இதை வாங்குவோர் ஏமாறுவார்கள்.

டீசல் கூடுதலாகச் செலவாவது மெய்தான். ஆனால் மீற்றர் காட்டுமளவுக்கு அல்ல. பெரிய சில்லு ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருளுவதால், மீற்றரில் 500 கிலோ மீற்றர் விழும்போது பழைய அளவின் கணக்கில் வண்டி 517 ஓடியிருக்கும். லீற்றருக்கு 11 என்று வந்தால் அதனை 11.4 என்றே கொள்ள வேண்டும். வேகமும் அதே விகிதத்தில் குறைத்தே காட்டப்படும் என்பதை, கல்முனை வீதியில் பொலிஸார் நிற்கும் இடங்களில் நினைவில் வைத்திருப்பது நல்லது. எஞ்சிய இழப்புக்கு டயரின் எடையும் தரையில் படும் அதன் மேற்பரப்பிலுள்ள முரட்டு வெட்டுகளுமே பெருங்காரணம். சந்தைப் பக்கம் நின்று நின்று போகையில் அது நன்றாகத் தெரிகிறது.

வவுணதீவுக்கு அப்பால் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கும் பாதையில், மார்கழி மழைக்குப் பின் களி வெட்டுகளை நிரப்பி, டயரை வனைந்த சட்டியைப் போல் வழுவழுப்பாக்கிவிடுகிறது. சில்லு சற்று வேகமாகச் சுழன்றால்தான் களி உதிர்கிறது. உரமூட்டைகளுடன் மெல்ல ஊர்கையில் பழைய டயரை விட இது பெரிதாக உதவவில்லை. பாணமையிலிருந்து உகந்தைக்குச் செல்லும் வழியின் மணற்பாங்கான இடங்களில் நிலைமை வேறு: காற்றை 32இலிருந்து 18 பி.எஸ்.ஐ. ஆகக் குறைத்ததும், உயர்ந்த பக்கச்சுவர் நன்றாக மடங்கி, தரையில் படியும் பகுதி நீண்டு, வண்டி மணலைத் தோண்டாமல் மேலால் சென்றது. கொடுத்த காசு அங்கேதான் தேறியது. தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிப் பழுதாகும் ஆதலால், சிறியதொரு காற்றடிக்கும் மோட்டாரும் உடன் இருக்க வேண்டும்.

கடையில் வேலை சுத்தம். ஆனால் நான்கு டயர்களோடு கணக்கை முடித்துவிட்டார்கள். உதிரிச் சில்லு பழைய அளவிலேயே இருக்க, அதனை மாட்டிக்கொண்டு இறுகிய தரையில் நான்கு சில்லுகளையும் இயக்கும் ஃபோர் வீலைப் போட்டால் கியர்ப் பகுதிகள் ஒன்றையொன்று முறுக்கும். வாங்குவோர் ஐந்தாகவே விலை பேசுங்கள்.